பாலம் வரைக்கும்

முகாமின் முதல் நாள் பகலவன் சார் எங்களை வரிசையாக நிற்கவைத்து ஆளுக்கொரு எண் கொடுத்தார். கனிமொழிக்கு இருபத்திரண்டு, எனக்கு இருபத்திமூன்று, மதிவதனிக்கு இருபத்திநான்கு. வெள்ளத்துக்குள் நிற்கும்போது பேர் கேட்டுக்கொண்டிருக்க நேரமிருக்காது என்றார். விசில் அடித்தால் அவரவர் எண்ணை அவரவர் உரக்கச் சொல்ல வேண்டும். எல்லா எண்ணும் வந்தால்தான் படகு கிளம்பும்.

"காலேஜ்ல ப்ராக்ஸி குடுத்துப் பழகியிருப்பீங்க. அதெல்லாம் இங்க வேணாம். ஒருத்தர் நம்பர இன்னொருத்தர் சொன்னதாத் தெரிஞ்சுது, அன்னிக்கே பையத் தூக்கிட்டுப் போயிடணும். யாரா இருந்தாலும் சரி" என்றார்.

கையில் கம்பு இல்லாத குறைதான். எனக்கு அந்த மனிதரை அப்போதே பிடிக்கவில்லை.

வெள்ளக் காலத்தில் ஊருக்குள் போய் ஆட்களை மீட்பதற்காக டெல்டா மாவட்டங்களில் படித்த பிள்ளைகளைப் பொறுக்கியெடுத்துக் கொடுத்த பயிற்சி அது. திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில் காவிரிக் கரையை ஒட்டிய ஒரு விடுதியில் தங்கவைத்திருந்தார்கள். மூன்று பேர் ஒரு குழு. மூன்று பேருக்கு ஓர் அறை. எழுந்தது முதல் படுக்கும்வரை கயிறு, முடிச்சு, துடுப்பு, ஓட்டம். வீட்டுக்குப் போன் பேச சாயங்காலம் கொஞ்ச நேரம்.

நான் அதிராம்பட்டினம். கடல் பார்த்து வளர்ந்தவள், நீச்சல் தெரியாது. இதைச் சொன்னால் சிரிக்காத ஆளில்லை. எங்கள் ஊரில் கடலில் இறங்குகிறவர்கள் வேறு, என்னைப் போலக் கடையில் உட்கார்ந்து கணக்குப் பார்க்கிறவர்கள் வேறு என்று விளக்கிச் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. மதிவதனி கோடியக்கரைப் பக்கம். அவள் அப்பா உப்பளத்தில் வேலை செய்கிறார். உட்கார்ந்த இடத்தில் தூங்கிவிடுகிற பெண் அவள். தூக்கத்தில்கூட முடிச்சு சரியாகப் போடுவாள்.

கனிமொழிதான் இந்த ஊர்க்காரி. அவள் அப்பா குஞ்சிதபாதம் ஊரார் வயலில் நாற்றுக்கட்டு சுமந்தவர். இப்போது குத்தகைக்கு நிலம் எடுத்துச் செய்கிறார். அவள் ஆற்றில் இறங்கினால் மீன்தான். முகாம் முடிவில் இரண்டு பேரை மட்டும் மாவட்ட மீட்புப் படகில் வேலைக்கு எடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். மாசச் சம்பளம், சீருடை. அதில் ஒன்று கனிமொழிக்குத்தான் என்பது சமையற்கட்டில் இருந்த அக்காவுக்குக்கூடத் தெரியும். கனிமொழிக்குத் தெரியாதா என்ன? அந்த வேலையை நினைத்துக்கொண்டுதான் அவள் சாப்பிட்டாள், தூங்கினாள்.

முதல் நாள் ஜன்னலோரக் கட்டிலுக்காக நானும் அவளும் சண்டை போட்டோம். இரண்டாம் நாள் கயிறு இழுத்து என் உள்ளங்கை கொப்புளித்தபோது, மதிவதனியின் தேங்காய் எண்ணெயை எடுத்து வந்து தடவிவிட்டவள் அவள்தான். ஆற்றில் என்னை மல்லாக்கப் படுக்க வைத்து முதுகுக்குக் கீழே கை கொடுத்தாள். "கைய எடுக்காதடி, எடுக்காதடி" என்று நான் கத்திக்கொண்டே இருந்தேன். "எடுத்து ரொம்ப நேரம் ஆச்சு, நீயேதான் மெதக்குற" என்றாள். அன்றைக்கு அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். எனக்குச் சீக்கிரம் அழுகை வராது, கோபம்தான் வரும்.

விடியற்கால விசிலில்தான் வம்பு ஆரம்பித்தது. நான் சுபுஹு தொழுது முடிப்பதற்கும் பகலவன் சார் விசில் அடிப்பதற்கும் சரியாக இருக்கும். அனுமதி கேட்டால் கொடுத்திருப்பார், நியாயமான மனிதர்தான். கேட்பதுதான் எனக்கு வராது. முதல் தடவை நான் சலாம் கொடுத்துத் தொழுகையை முடித்து எழுந்து ஓடுவதற்குள் மைதானத்தில் எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. இருபத்திமூன்று என்று என் எண் கேட்டது. நான் இன்னும் படிக்கட்டில் இருந்தேன்.

வெளிச்சம் வராத மைதானம், அவருக்குக் குரல்தான் கணக்கு. கனிமொழி தன் எண்ணைச் சொல்லிவிட்டு, மூக்கைச் சுருக்கிக் குரலை மாற்றி என் எண்ணையும் சொல்லியிருந்தாள்.

"ஒனக்கு என்ன பைத்தியமா? மாட்டுனா படகு போச்சுடி" என்றேன்.

"கூடப் படுத்துக் கெடக்குறவளுக்கு இதக்கூடச் செய்யலன்னா எப்பிடி?"

அதன்பிறகு அது வழக்கமாகிவிட்டது. என் எண், சில நாள் தூங்குமூஞ்சி மதிவதனியின் எண், எல்லாம் அவள் வாயிலிருந்துதான். அவளுக்காகக் குரல் கொடுக்கும் தேவை எங்களுக்கு ஒரு நாளும் வரவில்லை. அவள்தான் எப்போதும் முதல் ஆளாக நிற்பாளே. ஒரு மத்தியானம் நான் அவள் பக்கத்திலேயே நிற்கிறேன், விசில் அடித்ததும் "இருபத்திரண்டு, இருபத்திமூணு" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். திறந்த வாயை நான் மூடிக்கொண்டேன். அறைக்கு வந்து தலையணையில் முகத்தைப் புதைத்து மூன்று பேரும் சிரித்தோம்.

கடைசிப் பயிற்சி, விடுதியிலிருந்து பாலத்தைக் கடந்து வெகுதூரம் தள்ளி, ஆற்றுக்கு நடுவில் இருந்த மணல் திட்டில். ஆடிக்குத் திறந்துவிட்ட தண்ணீர் இரண்டு கரையையும் தொட்டுக்கொண்டு ஓடியது. திட்டில் ஆள் உயரத்துக்கு நாணல். அதற்குள் வைக்கோல் அடைத்த சாக்குப் பொம்மைகளை ஒளித்து வைத்திருந்தார்கள். தேடிப் பிடித்து, கயிறு கட்டி, படகுக்குக் கொண்டுவர வேண்டும். இரண்டு ரப்பர் படகு. சேற்றில் மாட்டிக்கொள்ளும் என்று செருப்பைப் படகிலேயே கழற்றிப் போட்டுவிட்டு இறங்கினோம். அவரவர் ஒரு பக்கமாகப் பிரிந்தோம்.

நான் திட்டின் மறுபக்கத்துக்குப் போயிருந்தேன். வானம் இருட்டிக்கொண்டு வந்து மழை பிடித்தது. விசில் கேட்டது, நீளமாக, விடாமல். பகலவன் சாரின் குரல் மழையோடு வந்தது.

"மேல அணையில கூடுதலாத் திறந்துட்டாங்களாம்! எல்லாரும் ஏறுங்க! பக்கத்துல எந்தப் படகு இருக்கோ அதுல ஏறுங்க!"

திரும்பி ஓடினேன். நாலு எட்டு வைப்பதற்குள் கரை சரிந்து இடுப்பளவு தண்ணீரில் விழுந்தேன். எழுந்து காலை இழுத்தால் வரவில்லை. எவனோ விட்டுப்போன நைலான் வலை நாணல் வேரில் சுற்றிக் கிடந்தது. அதில் கணுக்காலுக்கு மேலேவரை மாட்டிக்கொண்டிருந்தேன். இழுக்க இழுக்க இறுகியது.

பயப்படவில்லை, அப்போது. எண் சொல்வார்கள், இருபத்திமூன்று வராது, தேடி வருவார்கள். இதற்காகத்தானே அந்த மனிதர் இத்தனை நாள் தொண்டை கிழியக் கத்தினார்? உயிர்க்கவசத்தில் விசில் இருக்க வேண்டிய இடத்தைத் தடவினேன். கயிறு மட்டும் இருந்தது. சரி, போகட்டும் என்று காத்திருந்தேன்.

எண்கள் வரத் தொடங்கின. பத்தொன்பது. இருபது. இருபத்தொன்று.

"இருபத்திரண்டு" என்றாள் கனிமொழி. மூச்சு விடாமல் "இருபத்திமூணு" என்றாள்.

"இருபத்திநாலு" என்று எங்கோ தள்ளி இன்னொரு படகிலிருந்து மதிவதனியின் குரல் கேட்டது.

என் காதை நான் நம்பவில்லை. "நான் இங்க இருக்கேன்!" என்று கத்தினேன். மோட்டார் உறுமியது. ஒன்று, பிறகு இரண்டாவது. "கனீ! கனீ!" என்று அலறினேன். மழைச் சத்தமும் மோட்டார் சத்தமும் சேர்ந்து என் குரலை எனக்கே கேட்கவிடவில்லை. படகுச் சத்தம் நகர்ந்தது. கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தது.

என் பேரில் யாரோ படகேறிப் போய்விட்டார்கள். நான் இங்கே இல்லாத ஆள். கணக்கு சரியாகிவிட்ட பிறகு யார் தேடி வருவார்கள்?

தண்ணீர் வயிற்றுக்கு ஏறியது. முங்கி வலையைப் பல்லால் கடித்தேன், வாயில் சேறுதான் வந்தது. நெஞ்சுக்கு ஏறியது. உயிர்க்கவசம் என்னை மேலே தூக்கியது, வலை கீழே இழுத்தது. இரண்டுக்கும் நடுவில் கால் பிய்ந்துவிடும்போல் இருந்தது. கலிமா சொன்னேன். நடுவில் கனிமொழியைத் திட்டினேன். மறுபடியும் கலிமா சொன்னேன். உம்மாவை நினைத்தேன். போன் வந்தால் அவளுக்குக் கையில் பாத்திரம் நிற்காது. வாப்பா சவூதியிலிருந்து வந்து சேர எவ்வளவு நேரமாகும் என்றெல்லாம் யோசனை ஓடியது. சாகப் பயமாக இருந்தது. அதைவிட, அவள் குரலிலேயே சாகிறேனே என்றிருந்தது.

மோட்டார் சத்தம் திரும்பி வந்தது.

தாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் மூச்சு விட்டேன். நாணலைப் பிளந்துகொண்டு கனிமொழி வந்தாள். இடுப்பில் கயிறு, வாயில் கத்தி. கயிற்றின் மறுமுனையைப் படகிலிருந்து, அதற்கு மாறி ஏறியிருந்த மதிவதனியும் பகலவன் சாரும் பிடித்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் முங்கினாள். காலில் கத்தி கீறியது தெரிந்தது. இரண்டாவது தடவை முங்கினாள். மூன்றாவது முங்கலில் கால் விடுபட்டது. படகில் ஏற்றியதும் நான் செய்த முதல் வேலை, அவள் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டது. வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

விடுதி முற்றத்தில் எல்லோரையும் நிற்க வைத்தார் சார். எனக்கு மட்டும் நாற்காலி, காலில் கட்டு, கையில் சூடாகக் காபி. மதிவதனி தன் செருப்பை எனக்குக் கழற்றிப் போட்டுவிட்டு வெறுங்காலோடு நின்றாள். நடந்ததை அவள் படகிலேயே என்னிடம் சொல்லியிருந்தாள். போகும் வழியில் கனிமொழி எழுந்து நின்று, "சார், திருப்புங்க! இருபத்திமூணு நான்தான் சொன்னேன், ஷமீரா ஏறல!" என்று கத்தினாளாம். அத்தனை பேர் முன்னால். கேட்டபோது என் கோபத்தில் பாதி கரைந்துவிட்டது. வேலை போகும் என்று தெரிந்தும் சொன்னாளே!

"ஷமீரா" என்றார் சார். பேர் சொல்லி அழைத்தது அதுதான் முதல் தடவை. "சட்டப்படி இவ இப்பவே போகணும். ஆனா பழக்கத்துல வாய் வந்துருச்சு, நீ அந்தப் படகுல இருப்பேன்னு நெனச்சேங்குறா. தெரிஞ்சதும் தானே ஒத்துக்கிட்டா. குதிச்சு அறுத்ததும் அவதான். போகவிருந்தது ஒன் உசுரு. நீ சொல்லு, இருக்கலாமா, போகணுமா?"

யோசிக்கவே இல்லை. "இருக்கட்டும் சார்."

"படகுக் குழுவுக்கும்?"

"அவ படகுன்னாதான் சார் நான் ஏறுவேன்."

யாரோ கை தட்டினார்கள். சார் முகம்கூட இளகியது. மதிவதனி அழுதுகொண்டே சிரித்தாள். கனிமொழி மட்டும் தலையைத் தூக்கவில்லை.

"சார்" என்றாள். "தெரிஞ்ச ஒடனே சொல்லல."

கை தட்டியவர்கள் நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்கள்.

"மோட்டார் போட்டப்பவே அந்தப் படகப் பாத்தேன். மதி இருந்தா, இவ இல்ல. எனக்குத் தெரிஞ்சு போச்சு. சொன்னா வேல போயிடும்னு வாயத் தொறக்கல. பாலம் வரைக்கும் தொறக்கல சார். பாலத்துக்குக் கீழ போறப்பதான் சொன்னேன்."

பாலம் எவ்வளவு தூரம் என்று எனக்குத் தெரியும். அவள் வாயை மூடிக்கொண்டு பாலம் வரை போன அந்த நேரத்தில்தான் தண்ணீர் என் நெஞ்சுக்கு ஏறியது.

சார் என் பக்கம் திரும்பினார். "இப்பச் சொல்லு."

என்னால் முடியவில்லை. இருக்கட்டும் என்று சொல்ல வாய் வரவில்லை. போகட்டும் என்றும் வரவில்லை. கட்டுப் போட்ட காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்காகக் கொஞ்சம் காத்திருந்துவிட்டு, கனிமொழி தானே அறைக்குப் போய்ப் பையைக் கட்டினாள். எங்களைத் தாண்டி வாசலுக்குப் போனாள். பஸ் நிறுத்தம் எதிரிலேயே இருந்தது.

"ஏதாவது சொல்லேன்டி" என்றாள் மதிவதனி.

"என்னத்தச் சொல்ல? அங்க நீயா இருந்த? கழுத்துவரைக்கும் வந்துச்சுடி!"

"அவ சொல்லலன்னா ஒனக்குத் தெரிஞ்சிருக்குமா?"

உண்மைதான். பாலம் வரை அவள் பேசாமல் போனது அவளைத் தவிர உலகத்தில் ஒருத்தருக்கும் தெரியாது. நான் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன், ஊரே கை தட்டிவிட்டது, வேலை கையில் வந்துவிட்டது. சும்மா நின்றிருந்தால் போதும். ஆயுசுக்கும் நான் அவளைத் தலைமேல் வைத்துக் கொண்டாடியிருப்பேன். தெரியாமல் நான் கொடுத்த மன்னிப்பை வாங்கிக்கொள்ள அவளுக்கு மனசு வரவில்லை. பாலம் வரை வாயைத் திறக்காதவள் அவள் என்றால், இங்கே உட்கார்ந்துகொண்டு வாயைத் திறக்காமல் இருக்கும் நான் யார்? எனக்கு வேலைகூடப் போகப்போவதில்லை.

நொண்டிக்கொண்டே போனேன். சார் ஈரக் கயிறுகளைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார்.

"சார், அவ இருக்கட்டும்."

"எல்லாத்தையும் யோசிச்சுத்தான் சொல்றியா?"

"ஆமா சார்."

"கோவம் இல்லையா?"

"நெறய இருக்கு சார். அது எனக்கும் அவளுக்கும் உள்ளது."

கயிற்றை உதறிப் போட்டார். "முகாம முடிச்சுட்டுப் போகட்டும். படகுக் குழுவுக்கு அவ பேரு போகாது. அதுல ஒன் பேச்சும் எடுபடாது, என் பேச்சும் எடுபடாது. போய்ச் சொல்லு."

கெஞ்சிப் பார்க்கலாமா என்று நின்றேன். கெஞ்சுவது சரியில்லை என்று எனக்கே தெரிந்தது.

பஸ் நிறுத்தத்தில் கனிமொழி பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மழை விட்டிருந்தது. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். சார் சொன்னதைச் சொன்னேன். படகு இல்லை என்றதும் அவள் முகம் கோணியது, அழாமல் அடக்கிக்கொண்டாள்.

"பாலம் வரைக்கும் என்னடி நெனச்சுக்கிட்டுப் போன?" என்றேன். கேட்காமல் என்னால் இருக்க முடியாது.

"எப்பிடியாவது சமாளிச்சிருப்பன்னு. ஜாக்கெட் போட்டிருக்கியேன்னு. அடுத்த நட வந்து பாத்துக்கலாம்னு." கையைப் பிசைந்தாள். "படகுக்குள்ள மழத்தண்ணி நின்னுச்சு. ஒன் செருப்பு அதுல மெதந்து வந்து என் கால்ல இடிச்சுது. தள்ளி விட்டேன். மறுபடியும் வந்துச்சு. மறுபடியும் தள்ளுனேன். பாலத்துக்கிட்ட போறப்ப ரெண்டும் சேந்தாப்புல வந்து கால் மேல ஏறிக்கிச்சுடி."

என் காலில் கிடந்த மதிவதனியின் செருப்பைப் பார்த்தேன்.

"என் செருப்பு எங்க?" என்றேன்.

பையின் ஜிப்பைத் திறந்தாள். மடித்து வைத்த துணிகளுக்கு மேலே, ஒரு பாலித்தீன் கவரில் சுற்றி என் செருப்பு இருந்தது.

"என் செருப்ப ஏன்டி ஒங்க வீட்டுக்குக் கொண்டுபோற?"

"குடுக்க மூஞ்சி இல்ல."

வாங்கிக் காலில் மாட்டிக்கொண்டேன். ஈரமும் மணலுமாக இருந்தது. மதிவதனியின் செருப்பைக் கனிமொழியிடம் கொடுத்து, பிடி என்றேன்.

"எனக்கு இன்னும் கோவம் தீரல" என்றேன்.

"தெரியும்."

"எப்பத் தீரும்னு தெரியாது. தீராமக்கூடப் போகலாம்."

"சரிடி."

பஸ் வந்து நின்றது. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கனிமொழி எழுந்தாள். ஒரு கையில் பை, ஒரு கையில் மதிவதனியின் செருப்பு.

"ஏறவா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"ஏறித்தான் பாரேன்" என்றேன்.